இரண்டு உறுப்பினர்கள் இருக்கக்கூடும்

எங்கள் மாவட்டத்துக் கவுண்டி அலுவலக வாசற்கதவில் குமாஸ்தா நான் ஒட்டாத அறிவிப்பு கிடையாது. களைக்கொல்லி தெளிக்கும் நாள், பனி அள்ளும் வண்டியின் ஏலம், தெருநாய்ப் புகார் என்று இருபத்தாறு வருஷமாக ஒட்டிக்கொண்டிருக்கிறேன். ஒட்டிவிட்டு உள்ளே போகாமல் நின்று திரும்பப் படித்தது ஒரே ஒரு அறிவிப்பைத்தான்.

"வியாழன் காலை பத்து மணிக்கு ஐலீன் ரிட்டரின் இறுதிச் சடங்கில் கவுண்டி மன்ற உறுப்பினர்கள் இரண்டு பேர் இருக்கக்கூடும். மன்ற அலுவல் எதுவும் பேசப்படாது."

இறந்தவளின் கணவர் டெல்மர் ஒரு உறுப்பினர். சவப்பெட்டிக்குத் தோள் கொடுக்கவேண்டிய ஆர்லோ பொஸ்பிஷில் இன்னொருவர். அந்த அறிவிப்பை ஒட்டச் சொன்னவரும் ஆர்லோதான்.

இப்படியும் ஒரு மனிதர் உண்டா என்று நீங்கள் கேட்பீர்கள். எங்கள் ஊரில் உண்டு. மக்காச்சோளமும் கொஞ்சம் மாடும் வைத்திருந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டால், "அதான் எனக்கு ரோடு இருக்கே" என்பார். பொய்யில்லை. எந்த மண்சாலையில் எந்த மாதம் எத்தனை லோடு சரளை விழுந்தது என்று என்னுடைய கோப்பைப் பார்க்காமலே சொல்லுவார். வண்டியில் எப்போதும் ஒரு மண்வெட்டி கிடக்கும். மழை பெய்தால் யாரும் கூப்பிடுவதற்கு முன்பே போய்ச் சாலையோர ஓடையில் அடைத்த குப்பையைத் தள்ளிக்கொண்டிருப்பார். வடக்கே ஓடைமேல் இருக்கிற மரப்பாலத்தை இடித்துப் புதிதாகக் கட்டவேண்டும் என்று பதினோரு வருஷம் மன்றாடினார். வருகிற இலையுதிர் காலத்தில் அதற்கு ஓட்டெடுப்பு என்று ஒருவழியாக முடிவாகியிருந்தது.

டெல்மர் அவருக்குப் பக்கத்துப் பண்ணைக்காரர். முப்பது வருஷம் இருவரும் ஒரே வண்டியில்தான் போவார்கள், வருவார்கள். மாட்டுச் சந்தைக்கும் அப்படித்தான், காலைக் காப்பிக்கும் அப்படித்தான். வழியெல்லாம் டெல்மர் சாலையைத் திட்டுவார், ஆர்லோ பதில் சொல்லுவார். வேறு பேச்சே கிடையாது. திட்டித் திட்டி அலுத்துப்போய் டெல்மரே மன்றத் தேர்தலில் நின்றார். வேலியெங்கும் அவர் பெயர்ப்பலகையை அடித்தவர் ஆர்லோ. டெல்மர் ஜெயித்தார். வினையும் அங்கேதான் ஆரம்பித்தது.

பதவியேற்ற அன்று கவுண்டி வக்கீல் இருவரையும் உட்காரவைத்துச் சொன்னார். "மூணு பேர் மன்றத்துல ரெண்டு பேர் சேந்தா அதுவே பெரும்பான்மை. கூட்டத்துக்கு வெளிய நீங்க ரெண்டு பேரும் கவுண்டி விஷயம் பேசினா, ஊருக்குத் தெரியாம கூட்டம் போட்ட மாதிரி ஆயிடும். பாத்து நடந்துக்குங்க."

வேறு யாராக இருந்தாலும் தலையாட்டிவிட்டு வழக்கம்போல இருந்திருப்பார்கள். ஆர்லோ பைபிள்மேல் கைவைத்துச் சத்தியம் செய்தவர். மறுநாளிலிருந்து வண்டி இரண்டாயிற்று. காப்பிக் கடையில் மேசையும் இரண்டாயிற்று. "என்ன, விவாகரத்து ஆயிடுச்சா? மாடெல்லாம் யாருக்கு?" என்று கடைக்காரி கேட்காத நாளில்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் முன்போலவே ஐலீன் வீட்டில் ஆர்லோவுக்குச் சாப்பாடு. அங்கேயும் வானிலையும் கால்பந்தும்தான் பேச்சு. ஐலீன் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு நாள் கரண்டியால் மேசையைத் தட்டினாளாம். "நான் இருக்கேன்ல, பொதுமக்கள்! கூட்டம் ஆரம்பிச்சாச்சு, பேசித் தொலைங்க!"

அந்தப் பொதுமக்களும் பிப்ரவரியில் போய்ச் சேர்ந்தாள்.

அதன்பின் டெல்மர் கூட்டத்துக்கு வருவார், கையைத் தூக்குவார், போய்விடுவார். காப்பிக் கடைக்கு வருவதே நின்றுபோயிற்று. சட்டை தோளில் தொங்க ஆரம்பித்தது. ஆர்லோ ஞாயிறுதோறும் கசகசா வைத்த கொலாச்சி ரொட்டி வாங்கிக்கொண்டு போய் உட்கார்ந்துவிட்டு வருவார். மே மாதம் ஒரு திங்கட்கிழமை தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு என் அறைக்கு வந்தார்.

"மார்லிஸ், நேத்து டெல்மர் வாயத் தெறந்தாம்மா."

"அப்பாடா! என்ன சொன்னார்?"

"லுத்தரன் சர்ச்சுக்குக் கிழக்கால, ரோட்டுக்கு அடியில குழாய் போட்டமே, அது தண்ணிய வாங்குதான்னு கேட்டான். மூணு மாசத்துல அதான் முத வார்த்தை."

"நீங்க என்ன சொன்னீங்க?"

அவர் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "காத்து பலமா அடிக்குதுன்னேன்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. "உங்கள என்ன பண்ணாத் தகும்? அந்தச் சமையலறையில யாரு ஒளிஞ்சு நின்னு கேக்கப்போறா?"

"யாரும் கேக்கமாட்டாங்க. ஆனா நான் சத்தியம் பண்ணிருக்கேனே." கண் கலங்கியிருந்தது. "அவன் கேட்டது குழாயப் பத்தி இல்ல, அது எனக்குப் புரியாமலா இருக்கு? எங்க ரெண்டு பேருக்கும் வேற எப்படிப் பேசறதுன்னு தெரியாதும்மா." கதவுவரை போய்த் திரும்பினார். "மன்றத்துல இல்லாதவன் அவன்கிட்ட ரோட்டப் பத்திப் பேசலாமா?"

"யார் வேணா பேசலாம். நாள் பூராப் பேசலாம்."

தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம் என்று பிறகு பலமுறை நினைத்திருக்கிறேன்.

அடுத்த கூட்டத்தில் சரளைக் கணக்கும் களை அறிக்கையும் முடிந்த பிறகு ஆர்லோ ஒரு தாளை என் பக்கம் தள்ளினார். விதைக் கம்பெனிக் குறிப்பேட்டிலிருந்து கிழித்த தாள். உரக்கப் படிப்பது என் வேலை, படித்தேன்.

"இன்றோடு மன்றத்திலிருந்து விலகுகிறேன். டெல்மரோடு பேசவேண்டியிருக்கிறது."

அவருக்கு இன்னும் இரண்டரை வருஷம் பாக்கி இருந்தது. தலைவர் வெண்டல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, விலகலை ஏற்பதாக முன்மொழிந்தார். வழிமொழிய ஒருவர் வேண்டும். தன் விஷயத்தை ஆர்லோவே வழிமொழியக்கூடாது. மிச்சம் இருந்தவர் டெல்மர். அவர் அந்தத் தாளைத் தன் பக்கம் இழுத்து மறுபடி படித்தார்.

"பாலம் என்னடா ஆவுறது?" என்றார் கடைசியில்.

"நீ இருக்கல்ல, கட்டு."

"பதினோரு வருஷம்டா."

"எண்ணத் தெரியும். வழிமொழி."

"முட்டாப்பயலே," என்றார் டெல்மர். அதை நான் குறிப்பில் எழுதவில்லை. "வழிமொழியறேன்," என்றார் பிறகு. குரல் உடைந்துபோயிருந்தது. அதையும் எழுதவில்லை.

கூட்டம் பத்தே காலுக்குக் கலைந்தது. நான் ஜன்னலருகே போய் நின்றேன். வண்டி நிறுத்துமிடத்தின் இந்த ஓரத்தில் ஆர்லோவின் வண்டி, அந்த ஓரத்தில் டெல்மருடையது. ஆர்லோ தன் வண்டியிலிருந்து மண்வெட்டியை எடுத்துக்கொண்டு நேராக நடந்துபோய் டெல்மர் வண்டியின் மறுபக்கக் கதவைத் திறந்து ஏறினார். வண்டி உறுமியது, ஆனால் நகரவில்லை. பேச்சு என் ஜன்னல்வரை கேட்டது.

"அந்தக் குழாய் சின்னதுடா. மழை புடிச்சா ரோட்டு மேலதான் தண்ணி போவும்."

"நான் கேட்டப்ப எங்கடா போச்சு உன் வாய்? காத்து அடிக்குதுன்ன!"

"அடிச்சுதேடா!"

டெல்மர் சிரித்தார். ஐலீன் போன பிறகு நான் அந்தச் சிரிப்பைக் கேட்டதில்லை. திட்டிக்கொண்டே இருவரும் லுத்தரன் சர்ச்சுப் பக்கம் போனார்கள். ஆர்லோவின் வண்டி மூன்று நாள் இங்கேயே நின்றது. அதை எடுக்கச் சொல்லி அவரை யாரும் தொந்தரவு செய்யக்கூடாது என்று ஷெரீஃபிடம் நானே சொல்லிவைத்தேன்.