கால் பார்க்கச் சொன்ன கோமதி சேச்சி

செய்தி வந்தபோது நான் யாரோ ஒருவருடைய கீழ்த்தாடை அச்சில் ஊற்றுவதற்காக ரப்பர் கிண்ணத்தில் பிளாஸ்டர் குழைத்து முடித்திருந்தேன். கோமதி சேச்சியின் மகள் சுஜா கூப்பிட்டாள். "அம்மா போயிட்டா மாமா. சாயா கொண்டுபோயி எழுப்பினேன், எழுந்துக்கலே" என்றாள். எப்போது, எப்படி என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். போனை வைத்துவிட்டுத் திரும்பினால் பிளாஸ்டர் கிண்ணத்திலேயே கல்லாக இறுகிக் கிடந்தது. இத்தனை வருடத்தில் நான் அப்படி வீணாக்கியதில்லை. சேச்சி பார்த்திருந்தால் என்னைக் கிழிகிழியென்று கிழித்திருப்பார்.

இதைப் படிப்பவர்களில் பாதிப்பேராவது சேச்சி செய்த பல்செட்டால்தான் இன்றைக்கும் முறுக்கு கடித்துக்கொண்டிருப்பீர்கள். மட்டாஞ்சேரி கொச்சங்காடியில் சுக்கு, மிளகு குடோனுக்கு மேல்மாடியில் எங்கள் லேப். டாக்டர்கள் அச்சை அனுப்பினால் பேசாமல் செய்து கொடுப்பதுதான் எங்கள் வேலை. சேச்சிக்கு அது போதாது. டாக்டருக்கே போன் போட்டு, இவர் மீன்தலை கடிப்பாரா, வெற்றிலை போடுவாரா என்று விசாரிப்பார். "பல்லு வாய்க்காக இல்லே, சோத்துக்காகவாக்கும்" என்பார். பாலக்காட்டிலிருந்து மட்டாஞ்சேரிக்கு வந்து மூன்று தலைமுறை ஆன குடும்பம். வீட்டில் பேசுவது தமிழ், எழுதப் படிக்க மலையாளம். இந்தக் கட்டுரையைக்கூட நான்தான் அவருக்கு உரக்கப் படித்துக் காட்ட வேண்டியிருந்திருக்கும். நாலு இடத்தில் குறையும் சொல்லியிருப்பார்.

நான் தென்காசிக்காரன். லேபில் சேர்ந்தது நல்ல மழைக்காலத்தில். ஒரே வாரத்தில் கால்விரல் இடுக்கெல்லாம் சேற்றுப்புண். வெளியில் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு நொண்டினேன். சேச்சிக்கு ஒரு பழக்கம் உண்டு, யாராக இருந்தாலும் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் காலைப் பார்ப்பார். மறுநாள் போனால், ஒழுகுகிற ஜன்னலோரம் இருந்த என் ஸ்டூல் பல்செட் வேகவைக்கும் அடுப்புப் பக்கம் மாறியிருந்தது. அதன்மேல் ஒரு களிம்பு டப்பா. "உணங்கின தேசத்துக்காரன். இந்த ஈரம் உனக்கு ஆகாது" என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

சேச்சியின் ஆமைக் கதை உங்கள் எல்லோருக்கும் தெரியும். கைவண்டி ஏறி அடிபட்ட ஆமை தடுமாறிக் குளத்தில் விழுந்தது, சேச்சி இறங்கி எடுத்தார் என்று அவரே கல்யாண வீடுகளில் சொல்லியிருக்கிறார். அதில் ஒரு பொய் இருக்கிறது. எனக்காகச் சொன்ன பொய். அதை நான் இன்று ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆமை தானாக விழவில்லை. குளத்தில் விட்டவன் நான்தான்.

குடோன் வாசலில் மூட்டை ஏற்றிய கைவண்டிச் சக்கரம் அதன் ஓட்டில் ஏறி இறங்கியிருந்தது. யாரோ வீட்டில் ஒளித்து வளர்த்துவிட்டு, பயந்துபோய்த் தெருவில் விட்டிருக்க வேண்டும். ஓட்டின்மேல் மஞ்சள் கோடுகள் நட்சத்திரம் நட்சத்திரமாக. ஒரு பக்கம் விரிசல், அதில் ரத்தம். எனக்கு மனசு பொறுக்கவில்லை. ஆமை என்றால் தண்ணீர்தானே? அள்ளிக்கொண்டு பின்தெருக் குளத்துக்கு ஓடி, படியிலிருந்து மெதுவாக உள்ளே விட்டேன். கையைத் துடைத்துக்கொண்டு மாடியேறி, "சேச்சி, ஒரு உசிரக் காப்பாத்திட்டு வந்திருக்கேன்" என்றேன். பெருமை வழிந்த குரல், எனக்கே இப்போது கேட்கிறது.

சேச்சி தலை நிமிரவில்லை. "கால் பாத்தியோ?" என்றார்.

"கால் காலாத்தான் இருந்துச்சு."

"விரலுக்கு நடுவில தோலு உண்டோ? வாத்துக்கு மாதிரி?"

"இல்ல சேச்சி. உருண்டையா, யானைக்காலு கணக்கா இருந்துச்சு."

கையிலிருந்த பல்செட்டைப் போட்டுவிட்டு எழுந்தார். "அது கரைல நடக்கறதாக்கும் மணி! நீந்தத் தெரியாது!" செருப்புப் போடாமலே ஓடினார். நான் போய்ச் சேர்வதற்குள் இடுப்பளவு தண்ணீரில் நின்று காலால் துழாவிக்கொண்டிருந்தார். மூன்றாம் படியில் அகப்பட்டது. தூக்கித் தலைகீழாகப் பிடித்து, கழுத்தை இரண்டு விரலால் மெல்ல நீட்டினார். மூக்கிலிருந்தும் வாயிலிருந்தும் தண்ணீர் வடிந்தது. நான் வாயில் வந்த சாமியையெல்லாம் கூப்பிட்டேன். வெகுநேரம் கழித்து முன்னங்கால் ஒன்று அசைந்தது. சேச்சி அங்கேயே படியில் உட்கார்ந்து அழுதுவிட்டார்.

வனத்துறைக்கு உடனே போன் செய்தோம். நட்சத்திர ஆமையை வீட்டில் வைத்துக்கொள்வது குற்றம் என்று அன்றுதான் எனக்குத் தெரியும். அவர்கள் வருவதற்குள் யாரோ, எப்படித் தண்ணீரில் விழுந்தது என்று கேட்டார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் சேச்சி, "தானா விழுந்தது" என்று முடித்துவிட்டார். வனத்துறை ஆட்களோடு நாங்களும் போன விலங்குக் காப்பகத்தில் விரிசலைப் பார்த்த கால்நடை மருத்துவர், இரு பக்கத்தையும் கம்பியால் இழுத்துப் பிடிக்க வேண்டும், அவ்வளவு நுணுக்கமான வேலைக்கு ஆள் இல்லையே என்றார். சேச்சி தன் கைப்பையைத் திறந்தார். பல்செட் கம்பியும் குறடும் உள்ளே இருந்தன.

நான் என் மேதாவித்தனத்தை அங்கேயும் காட்டினேன். உடைந்த பல்செட்டை ஒட்டுவதுபோல விரிசல் முழுவதையும் அக்ரிலிக்கால் பூசிவிடலாமே என்றேன். மருத்துவர் சிரித்தார். உள்ளே சீழ் கட்டினால் போக வழி வேண்டாமா என்று கேட்டார். சேச்சி விரிசலுக்கு இருபுறமும் மிளகளவு மட்டும் அக்ரிலிக் வைத்தார். இறுகும்போது அது சுடும் என்பதால், ஒவ்வொரு சொட்டும் ஆறுகிற வரையில் பக்கத்தில் தன் விரலை வைத்துச் சூடு பார்த்தார். அந்தப் பொட்டுகளில் கம்பியை மாட்டி முறுக்கியதும் விரிசல் நெருங்கி வந்தது.

பிறகு ஞாயிறுதோறும் இரண்டு பஸ் மாறிக் காப்பகத்துக்குப் போவோம். காயத்தைக் கழுவி மருந்து வைப்பது மருத்துவரின் வேலை. ஈரம் படாமல் உலர்ந்த மண் மாற்றுவதும், விளக்குச் சூடு சரியாக விழுகிறதா என்று பார்ப்பதும் எங்கள் வேலை. "உன் ஊர்க்காரனாக்கும், ஒழுங்காப் பாத்துக்கோ" என்று சேச்சி என்னைச் சீண்டுவார். ஆனால் அது சாப்பிடவில்லை. புல், முருங்கைக்கீரை, எதையும் தொடவில்லை. மூன்றாவது ஞாயிறு மருத்துவரே உதட்டைப் பிதுக்கினார்.

அன்று திரும்பும் வழியில், தோப்பும்படிப் பாலத்தில் பஸ் நின்றிருந்தபோது என்னால் அடக்க முடியவில்லை. "நான்தான் கொன்னுட்டேன் சேச்சி" என்றேன். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார்: "கல்யாணம் ஆன புதுசுல நானும் ஒண்ணை எங்க கிணத்துல விட்டேன். புண்ணியம்னு நினைச்சாக்கும் விட்டது. மூணாம் நாள் மிதந்தது. அதிலிருந்துதான் கால் பாக்கத் தொடங்கினேன். உன்னுது இன்னும் சாகலே. அழாதே."

அடுத்த ஞாயிறு வீட்டு வேலியிலிருந்து ஒரு செம்பருத்திப் பூவைப் பறித்துக்கொண்டு வந்தார். சிவப்பைக் கண்டதும் ஆமை கழுத்தை நீட்டியது. ஒரு கடி. இன்னொரு கடி. முழுப் பூவும் போயிற்று. சேச்சி தரையில் குப்புறப் படுத்து அதன் வாயையே பார்த்தார். "பல்லு ஒண்ணுமே இல்லாம எத்தற அழகாத் தின்னுது பாரு மணி! நம்ம கச்சவடம் பூட்டிப்போகும்" என்று சிரித்தார். தன் தொழிலே மூடிப்போகும் என்பதை இவ்வளவு சந்தோஷமாகச் சொன்ன இன்னொருவரை நான் பார்த்ததில்லை.

ஓடு ஒன்றுசேர மாதக்கணக்காயிற்று. கம்பியைக் கழற்றியபின் வனத்துறையினர் அதை மழை குறைந்த கிழக்குக் காட்டுப்பக்கம் கொண்டுபோய் விட்டார்கள். எங்களைக் கூட்டிப்போகவில்லை. சேச்சி அதைப்பற்றி வருத்தப்படவும் இல்லை. "அதுக்குப் பிடிச்ச மண்ணு கிடைச்சுது, போரும்" என்றார்.

சேச்சி போன பதினோராம் நாள் காலை. இரவெல்லாம் பெய்த மழை விட்டிருந்தது. குடோனில் மூட்டை தூக்கும் கபீர் ஈரச் சாக்கோடு மாடியேறி வந்து, "சேட்டா, சேச்சி எவிடெ?" என்று அவரைத் தேடினார். வெளியூர் போயிருந்தவருக்கு விஷயம் தெரியாது. சொன்னேன். சாக்கைத் தரையில் இறக்கி வைத்தார். பிறகு மெல்ல அதைத் திறந்தார். உள்ளே ஒரு கறுத்த ஆமை. குளத்து வாசலில், தெருவில் நடந்துகொண்டிருந்ததாம். காயம் எதுவும் இல்லை. ஓட்டைத் தடவிப் பார்த்தேன். பிறகு பின்னங்காலை மெல்ல விரித்தேன். விரல்களுக்கு நடுவே தோல் இருந்தது. நம்பிக்கையில்லாமல் நான்கு கால்களையும் பார்த்தேன். கபீரையும் பார்க்கச் சொன்னேன்.

இருவருமாகக் குளத்துக்குப் போனோம். சேச்சி இறங்கிய அதே படியில் தண்ணீர் ஓரமாக அதை வைத்தேன். கையை எடுத்ததும் வழுக்கிக்கொண்டு இறங்கிப் போய்விட்டது. கபீர் வேலைக்குக் கிளம்பினார். எனக்கு நகர மனம் வரவில்லை. நடுக்குளத்தில் ஒரு சின்னத் தலை மேலே வந்து, மூச்சு விட்டு, மறுபடி உள்ளே போகிற வரையில் நின்றேன்.

அவருடைய குறடு என் மேஜையில் இருக்கிறது, கேள்வி என் வாயில் இருக்கிறது. கால் பார்த்தேன், சேச்சி.