திரும்பி வந்த மூன்று அட்டைகள்

என் மருந்துக்கடை மேஜையின் இழுப்பறையில் பத்துப் பத்தாக மூன்று மாத்திரை அட்டைகள் கிடக்கின்றன. ஒரு மாத்திரைகூடப் பிரிக்கப்படவில்லை. காலாவதியாகிப் பல வருடம் ஆகிவிட்டது. எப்போதோ தூக்கி எறிந்திருக்கலாம். அட்டை வெட்டும் கத்தரியைத் துழாவும்போதெல்லாம் விரலில் தட்டுப்படட்டும் என்றே விட்டுவைத்திருக்கிறேன்.

அவை ஏட்டையா திருப்பித் தந்தவை. தென்காசியில் போலீஸ் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். மேலகரத்தில் என் கடைக்கு நாலு வீடு தள்ளிக் குடியிருந்தார். நான் பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும்போது, ஒரே பைக்கில் மூன்று பேர் போனோம் என்று பஸ் நிலையத்துக்கு எதிரில் நிறுத்தி என்னை மட்டும் அறைந்தார். வண்டி ஓட்டியவனை விட்டுவிட்டார். அவன் அப்பா அவருக்குத் தெரிந்தவர். டியூஷன் விட்டு வந்த பிள்ளைகள் எல்லாம் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பதினைந்து வருடம் கழித்து என் கடைக்கு வரத் தொடங்கியபோது அவருக்கு அது சுத்தமாக நினைவில்லை. “தம்பி தங்கமான பய” என்று கண்டவர்களிடமெல்லாம் என்னைப் புகழ்வார். அறைந்ததைவிட அது மறந்துபோனதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது.

ஒரு மாசி மாதம் அவருக்கு மாரடைப்பு வந்தது. திருநெல்வேலியில் இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்து அனுப்பினார்கள். ரத்தம் உறையாமல் இருப்பதற்கான மாத்திரையை ஒரு வருடத்துக்கு ஒரு நாள்கூட விடக் கூடாது என்று டாக்டர் சீட்டில் சிவப்பு மையால் அடிக்கோடிட்டிருந்தார். நான்கு மாதம் ஏட்டையா அதைப் பரேடு மாதிரிக் கடைப்பிடித்தார். காலை எட்டு மணிக்கு வாசலில் வந்து நின்று மாத்திரையை வாயில் போடுவார். அவர் மனைவி செம்பில் வெந்நீர் கொடுப்பார். அந்த அம்மாவைத் தெருவில் எல்லோரும் ஏட்டம்மா என்போம். பீடியை விட்டார், கறியை விட்டார், அதட்டலைக்கூடக் குறைத்துக்கொண்டார். சாவுப் பயம் மனிதரை எவ்வளவு பதவிசாக்கிவிட்டது என்று நான் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன்.

ஆனியில் சாரல் விழுந்தது. குற்றாலத்தில் சீசன் தொடங்கிவிட்டால் எங்கள் பக்கத்தில் பலருக்கு டாக்டர் வேண்டாம். எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவியில் நின்றால் மூலிகைத் தண்ணீர் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும். அதற்கு ஒரு பத்தியமும் வைத்திருந்தார்கள்: குளிக்கிற நாட்களில் இங்கிலீஷ் மருந்து ஆகாது, ஒன்றை ஒன்று முறித்துவிடும். யார் சொன்னது என்று கேட்டால் ஆளுக்கு ஆள் அடுத்தவரைக் கைகாட்டுவார்கள்.

ஒரு மத்தியானம் ஏட்டையா தோளில் துண்டோடு வந்து மூன்று அட்டைகளையும் மேஜைக் கண்ணாடி மேல் வைத்தார்.

“ஏலே தம்பி, இதை எடுத்துக்கிட்டு நல்ல தைலமா ஒரு பாட்டில் குடு. மருந்துச் சூடும் அருவித் தண்ணியும் ஒண்ணுக்கொண்ணு ஆகாதாம்லா. சீசன் முடியட்டும், மறுபடி போட்டுக்கிடுதேன்.”

தைலத்தை எடுக்க நான் திரும்பியபோது குரலைத் தாழ்த்திக் கேட்டார். “நிறுத்துனா ஒண்ணும் ஆவாதுல்லா?”

அதற்கு என்னிடம் பதில் இருந்தது. ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளும், செத்துப்போவீர்கள். அவ்வளவுதான். அவர் பயந்துதான் கேட்டார். சொல்லியிருந்தால் அட்டைகளைத் திருப்பி எடுத்துக்கொண்டு போயிருப்பார். எனக்குக் கன்னம் சுட்டது. தலையைக் குனிந்துகொண்டு தைலப் பாட்டிலைத் தாளில் சுற்றினேன். மறைத்து என்ன ஆகப்போகிறது, சுற்றும்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

“நீயே பேசாம இருக்கேன்னா சரியாத்தான் இருக்கும்” என்று சிரித்துக்கொண்டே போனார்.

பதினோராம் நாள் ஐந்தருவியில் குளித்துவிட்டு வரும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. எண்ணெய்ப் பிசுக்கோடு கொண்டுவந்து கிடத்தினார்கள். நானும் துட்டிக்குப் போனேன். கூட்டத்துக்கு நடுவில் ஏட்டம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“நீ சொல்லித்தான் மாத்திரைய நிறுத்தியிருக்கேன்னு இவுக சொன்னாவளே தம்பி. நெசமாய்யா?”

“நான் சொல்லலம்மா” என்றேன்.

அதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை. அவர் அழுகையை நிறுத்திவிட்டுப் புருஷன் முகத்தைப் பார்த்தார். “சாவுத வரைக்கும் எங்கிட்ட பொய்தானா?” என்று தலையில் அடித்துக்கொண்டார். போலீஸ்காரன் புத்தி போகுமா என்று யாரோ முணுமுணுத்தார்கள். பதில் சொல்ல முடியாமல் கிடந்தவர் மேல் பொய்யன் என்ற பெயரும் விழுந்தது. நான் மாலையைப் போட்டுவிட்டு வந்தேன்.

இந்த ஆனியிலும் சாரல் நன்றாக இருக்கிறது. இப்போது ஏட்டம்மாவுக்கும் அதே நோய், அதே மாத்திரை. டாக்டர் எழுதிக் கொடுத்தாலும் என்னிடம் காட்டிக் கேட்காமல் வாயில் போட மாட்டார். “நீ ஒரு வார்த்த சொல்லிட்டேன்னா போதும்யா எனக்கு” என்பார். ஒரு நாள்கூட விடாதீர்கள் என்று ஒவ்வொரு முறையும் சொல்கிறேன்.

நேற்று அவருக்காகக் கத்தரியைத் தேடியபோது ஏட்டம்மா இழுப்பறைக்குள் எட்டிப் பார்த்தார்.

“இதுவும் என் மாத்திர மாதிரியே இருக்கே, யாருதுய்யா?”

கத்தரியை எடுத்துக்கொண்டு இழுப்பறையை மூடினேன். நேற்றும் நான் ஒன்றும் சொல்லவில்லை.