பதினான்கு தடவை பஸ் ஏறியவள்

நிலாவுக்கு ராக்கெட் விடுகிறவர்கள், அடுத்ததை விடுவதற்கு முன்னால் பொற்கொடியிடம் ஒரு வாரம் வந்து பாடம் கேட்டுவிட்டுப் போவது நல்லது. சம்பளம் வேண்டாம், ஒரு டீ போதும். புறப்படுவது எப்படி என்று அவளைவிடத் தெரிந்த ஆள் இந்தப் பூமியில் கிடையாது. ராக்கெட்டுக்காவது பின்னால் நெருப்பு இருக்கிறது. அவளுக்கு வாய்த்தது டவுன் பஸ்.

கந்தர்வக்கோட்டைப் பக்கம், முந்திரிக் காட்டை ஒட்டினாற்போல அவள் வீடு. புருஷன் குழந்தைசாமி. பேரில் மட்டும்தான் குழந்தை. லோடு ஏற்றும் வேலைக்குப் போகிறவன். காலையில் போனால் ஆறு மணிக்கு வாசலில் நிற்பான். குழம்பில் உப்புக் கூடினால் அடி. உப்பு சரியாக இருந்து அவனுக்கு மனசு சரியில்லை என்றாலும் அடி. பதினோரு வருஷம் இப்படி. அவள் கையில் பத்து ரூபாய் தங்க விடமாட்டான். பஸ்ஸுக்குக் காசில்லாதவள் எங்கே போய்விடுவாள் என்கிற தைரியம்.

அப்படி இருக்கும்போதுதான் டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் காசு வேண்டாம் என்று அறிவித்தார்கள். ஊர்ப் பெண்கள் சந்தைக்குப் போனார்கள், கோயிலுக்குப் போனார்கள். பொற்கொடி எங்கேயும் போகவில்லை. போவதற்குப் பழகினாள்.

முதல் நாள் ஒரே ஒரு ஸ்டாப். இறங்கியதும் அதற்கு மேல் போகத் துணிவு வரவில்லை. வேலியோரம் உட்கார்ந்திருந்துவிட்டு நடந்தே திரும்பினாள். அடுத்த வாரம் மூன்று ஸ்டாப். எந்த இடத்தில் சொந்தக்காரர்கள் ஏறுவார்கள், எந்தக் கண்டக்டர் ஊர்க்கதை கேட்பார், எந்த பஸ்ஸை விட்டால் ஆறு மணிக்குள் வீடு சேர முடியாது, எல்லாம் அவளுக்கு மனப்பாடம். காசு வாங்காவிட்டாலும் கண்டக்டர் சீட்டுக் கொடுப்பார். இறங்குவதற்குள் அதைத் தூள் தூளாகக் கிழித்து ஜன்னல் வழியே விட்டுவிடுவாள்.

ஆறாவது தடவை புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டு. எட்டாவது தடவை அங்கே இன்னொரு பஸ் மாறித் திருக்கோகர்ணம். ஒரு மாவு மில் வாசலில் 'ஆள் தேவை' என்று அட்டை தொங்கியது. மில்லுக்காரி இருளாயி அவள் கன்னத்து வீக்கத்தைப் பார்த்தாள். எப்படி வந்தது என்று கேட்கவில்லை. மூட்டை தூக்க முடியுமா என்று மட்டும் கேட்டாள். பின்னால் ஒரு அறை சும்மா கிடக்கிறது என்றும் சொன்னாள்.

அதற்குப் பிறகு போன ஒவ்வொரு தடவையும் ஒரு பொருள் அந்த அறைக்குப் போய்ச் சேர்ந்தது. ஆதார் அட்டை. ஒரு சேலை. அம்மா கொடுத்த பித்தளைச் செம்பு. குழந்தைசாமி கண்ணுக்கு வீடு அப்படியே இருந்தது.

பதினோராவது தடவை ஒரு சீட்டு ரவிக்கைக்குள் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. குழந்தைசாமி அதைப் பார்த்துவிட்டு, எங்கே போனாய் என்று கேட்டான். சந்தைக்கு என்றாள். அன்று வாங்கிய அடியில் இடது காது நான்கு நாள் கேட்கவில்லை.

ஐந்தாம் நாள் பன்னிரண்டாவது தடவையாக பஸ் ஏறினாள்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று மூச்சு விட்டுக்கொள்ள வேண்டும். கணக்குப் பரீட்சையில் ஒரே ஒரு தடவை கோட்டை விட்டதற்காக அதோடு பள்ளிக்கூடப் பக்கமே போகாத வீரர்கள் இந்தத் தெருவில் உண்டு. பேர் வேண்டாம்.

பதினான்காவது தடவை அவள் திரும்பவில்லை. மில் கடிகாரத்தில் நாலரை ஆனபோது கால் தானாகவே வாசலுக்குப் போனது. வழக்கமாகத் திரும்புகிற பஸ் வந்தது, நின்றது, போனது. படியில் கொஞ்ச நேரம் நின்றவள் உள்ளே வந்து அடுத்த மூட்டையை அவிழ்த்தாள்.

நாற்பது நாள் கழித்து, யார் யாரிடமோ விசாரித்துக்கொண்டு குழந்தைசாமி வந்து மில் வாசலில் நின்றான். மல்லி அரைக்க ஐந்தாறு பெண்கள் வரிசையில் இருந்தார்கள்.

"கெளம்பு. ஆறு மணிக்குள்ள வீடு போய்ச் சேரணும்," என்றான்.

ஆட்கள் காத்திருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டு, பொற்கொடி மல்லியை மெஷினில் கொட்டினாள். அவன் உள்ளேயே வந்துவிட்டான்.

"நான் ஒம் புருஷன்டி."

"தெரியும். அதனாலதான் பஸ் ஏறுனேன்."

வரிசையில் யாரோ சிரித்துவிட்டார்கள். அவன் கை மேலே போனது. பதினோரு வருஷமாக அந்தக் கை ஏறினால் அவள் தலை இறங்கும். அன்று இறங்கவில்லை. அவள் கையைப் பார்த்தாள். பிறகு அவன் முகத்தைப் பார்த்தாள். இருளாயி மெஷினை நிறுத்தினாள். பெல்ட் சுற்றிச் சுற்றி ஓய்ந்தது. அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருக்க, தூக்கிய கைக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. தலையைச் சொறிந்துவிட்டுக் கீழே இறங்கியது.

வெளியே போனவன் கல் தடுக்கி, வேட்டி அவிழ்ந்து, தெருச் சாக்கடையில் குப்புற விழுந்தான். எருமை மாடு ஒன்று அவனைப் பார்த்து முகத்தைச் சுளித்தது.

இந்தக் கதையை எழுதியவன் இதுவரை வாசித்துக் காட்டியபோது, மில்லில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்த பொற்கொடி முறத்தைக் கீழே வைத்தாள்.

"எந்தச் சாக்கடையில விழுந்தான்?"

எழுதியவன் தாளைப் புரட்டிப் புரட்டித் தேடினான்.

"அவன் விழல தம்பி. நல்லாத்தான் நடந்து போனான். அவன் பஸ் ஏறுற வரைக்கும் இந்த வாசல்ல நின்னு பாத்தேன். எனக்குத்தான் காலு வெடவெடன்னு ஆடுச்சு. நீ அவன விழ வச்சு என்னையக் காப்பாத்த வேணாம். அத அடிச்சிட்டு இத எழுது."