கேட்டில் பத்து நிமிஷம்

பன்றிப் பண்ணையின் கேட்டில் முப்பது வருடம் வேலை பார்த்தவளுக்கு லாரிக்காரர்கள் வைத்த பெயர் 'பத்து நிமிஷம்'. எந்த வண்டி வந்தாலும் சக்கரத்துச் சேற்றைச் சுரண்டுவாள், சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவுவாள், பிறகுதான் கிருமிநாசினி. அடித்த மருந்து பத்து நிமிடம் ஈரமாகவே இருக்க வேண்டும். அதுவரை மந்திரியே வந்தாலும் கேட் திறக்காது.

ஆரம்பத்தில் அவளும் ஒன்றும் தெரியாதவள்தான். ஒரு மூடி ஊற்ற வேண்டிய இடத்தில் மூன்று மூடி ஊற்றி, கொட்டிலில் கிடந்த கழிவின் மேலேயே தெளித்துவிட்டாள். தாய்ப்பன்றிகளுக்கு மடி வெந்தது, இவளுக்குக் கை தோலுரிந்தது. கால்நடை டாக்டர் தலையில் அடித்துக்கொண்டார்.

"அழுக்கு மேல ஊத்தினா மருந்து அழுக்கோடயே மல்லுக்கட்டித் தீந்துடும்மா. வைரஸ் ஹாயா உக்காந்து வேடிக்கை பார்க்கும்."

அன்றிலிருந்து அளவு மூடியைக் கழுத்தில் கட்டிக்கொண்டு திரிந்தாள்.

சுற்றுவட்டாரப் பண்ணைகளில் பன்றிகள் வைரஸ் காய்ச்சலில் கொத்துக்கொத்தாகச் செத்த மழைக்காலம் அது. தீவன லாரியோடு வந்து நின்றது அவளுடைய சொந்த அண்ணன். அண்ணிக்குப் பிரசவ வலி என்று வழியிலேயே சேதி கிடைத்திருந்தது. லோடை இறக்கினால்தான் ஆஸ்பத்திரிக்கு ஓட முடியும்.

"அதான் மருந்து அடிச்சிட்டியே, திற!"

"இன்னும் எட்டு நிமிஷம்ண்ணே."

"நீயெல்லாம் ஒரு தங்கச்சியா?"

அழுதுகொண்டே கடிகாரத்தைப் பார்த்தாள். திறக்கவில்லை. அவன் போய்ச் சேர்வதற்குள் மகள் பிறந்து, அழுது, தூங்கியும் விட்டாள். அந்த முதல் அழுகையைக் கேட்காத கோபத்தில் இருபத்துநான்கு வருடம் அவன் தங்கை வீட்டு வாசலை மிதிக்கவில்லை. பண்ணையில் ஒரு பன்றிகூடச் சாகவில்லை. அது பத்து நிமிடத்தாலா, வெறும் அதிர்ஷ்டமா, யார் கண்டது?

இப்போது ஓய்வில் இருக்கிறாள். தரை துடைக்கும் மருந்தின் வாடை மூக்கில் ஏறினால் போதும், ரப்பர் பூட்ஸும் நுரை பொங்கும் தொட்டியும் டிரைவர்களின் கேலியும் வரிசையாக வந்துவிடும். அந்தக் கேட்டுக்காக ஏங்குவாள். அண்ணனுக்காக அதைவிட அதிகமாக.

போன வாரம் காலையில் யாரோ கதவைத் தட்டினார்கள். தலை நரைத்த அண்ணன், தோளில் ஒரு கைக்குழந்தை.

"என் பேரன். இவன் மொத அழுகைய நான்தான் கேட்டேன்."

"உள்ள வாண்ணே."

அவன் செருப்பை அவிழ்த்துவிட்டு வாசலிலேயே நின்றான்.

"பத்து நிமிஷம் ஆவட்டும்."

வாழ்க்கையில் முதல்முறையாக அவள் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. கையைப் பிடித்து அவனை உள்ளே இழுத்தாள்.