மீசை எடுக்காத மூத்த மகன்

முப்பத்தொரு வருடத்தில் பிரஜ்கிஷோர் நிகம் நூற்றுப் பதினான்கு படங்களில் நடித்திருந்தார். அவற்றில் தொண்ணூறுக்கும் மேலானவற்றில் அவருடைய பாத்திரத்துக்குப் பெயர் கிடையாது. டாக்டர், வக்கீல், பேங்க் மேனேஜர், பக்கத்து வீட்டுக்காரர். அறையை விட்டு வெளியே வந்து, கண்ணாடியைக் கழற்றி, "இனி எல்லாம் கடவுள் கையில்" என்று சொல்லும் டாக்டராக மட்டும் பதினேழு தடவை வந்துபோனார்.

கான்பூரில் எம்.ஏ. முடித்து, நாலு வருடம் நாடகம் போட்டுவிட்டு பம்பாய்க்கு வந்தவர். அந்தேரியில் நான்கு பேரோடு ஓர் அறை. ஆடிஷன் நடக்கும் பங்களாக்களின் வாசலில் ஒருவன் நிற்பான். ஆளை ஏற இறங்கப் பார்த்து "நாட் ஃபிட்" என்று திருப்பி அனுப்புவதுதான் அவன் வேலை. நிகம் மறுநாளும் அதே வாசலில் போய் நிற்பார்.

"நேத்தே சொன்னேனே சார், நாட் ஃபிட்னு."

"நேத்து போலீஸ் வேஷத்துக்குச் சொன்னீங்க. இன்னைக்கு ஜட்ஜ் தேடறதா கேள்விப்பட்டேன்."

"ஜட்ஜுக்கு உங்க உயரம் பத்தாது."

"உக்காந்துதானே தம்பி தீர்ப்பு சொல்லணும்?"

அவன் சிரித்துவிட்டான். அந்த ஜட்ஜ் வேஷம் கிடைத்தது. இரண்டு வரி வசனம்.

தொழிற்சாலையில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்ற அப்பா, ஞாயிற்றுக்கிழமை போனில் ஒரே கேள்விதான் கேட்பார்: "இந்தப் படத்துலயாவது உனக்குப் பேர் வெச்சிருக்காங்களா?" ஐம்பத்தேழாவது வயதில்தான் நிகமால் ஆமாம் என்று சொல்ல முடிந்தது. ஷிவ்தயாள். ஸ்டேஷன் மாஸ்டர். கதாநாயகனின் அப்பா. பதினோரு காட்சிகள். கடைசிக் காட்சியில், உன்னைக் காப்பாற்ற நான் பொய் சாட்சி சொல்ல மாட்டேன் என்று மகனிடம் பேசும் மூன்று பக்க வசனம்.

"பேரு நல்லாதான் இருக்கு," என்றார் அப்பா. "ஒழுங்கா நடந்துக்கோ."

நான்கு மாதம் வளர்த்த மீசை, நரைத்த முடி, இடப்பக்க வகிடு. உதவி இயக்குநர் தன்வி ஒவ்வொரு நாளும் நான்கு பக்கமும் நின்று படம் எடுத்துவைத்துக்கொள்வாள். "நிகம்ஜி, ஒரு முடிகூட மாறக் கூடாது, சரியா?" பத்துக் காட்சிகள் முடிந்தன. பதினோராவதற்கு ஐந்து நாள் இருக்கும்போது அப்பா இறந்துவிட்டார்.

கான்பூரில், கங்கைக் கரையில் நாவிதர் கிண்ணத்தில் தண்ணீரோடு காத்திருந்தார். கொள்ளி வைப்பவர் அன்றே தலையும் மீசையும் எடுத்தாக வேண்டும். மூத்த மகன்தான் வைக்க வேண்டும். நிகம் தம்பி அவதேஷைத் தனியாக அழைத்துப் போனார்.

"நீ வை."

அவதேஷுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகம் மாறியது. "மீசைக்காகவா அண்ணா? அப்பாவுக்குக்கூட எடுக்க மாட்டியா?"

"இன்னைக்கு மாட்டேன். பத்தாம் நாள் எல்லாரும் எடுக்கறப்ப எடுத்துக்கறேன். அதுக்குள்ள வேலைய முடிச்சுட்டு வந்துடுவேன்."

"விக்கு ஒண்ணு மாட்டிக்கிட்டா போச்சு."

விக்கு எப்படி இருக்கும் என்று நிகமுக்குத் தெரியும். இருபது வருடத்துக்கு முன் ஒரு படத்தில், ஷூட்டிங் முடிந்தது, பேக்கப் என்ற சத்தம் கேட்டதுமே வேஷத்துக்காக வளர்த்த தாடியை எடுத்துவிட்டார். லேபில் அன்று எடுத்த நெகட்டிவ் வீணாகிவிட்டது. ஒட்டுத் தாடியோடு திரும்ப எடுத்தார்கள். படம் வந்தபோது அவர் இருந்த காட்சிகளே இல்லை. இதையெல்லாம் தம்பியிடம் சொல்லிக்கொண்டிருக்கும் இடமா அது? "நீ வை," என்றார் மறுபடியும்.

அத்தையின் கணவர் ஹரிநாராயண் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "விடுங்கப்பா. ஹீரோவோட அப்பாவாச்சே. பெத்த அப்பனுக்கு ஏது நேரம்?"

நிகம், தம்பி கொள்ளி வைத்ததைப் பார்த்துக்கொண்டு, கடைசிவரை நின்றார். மனைவி மிருதுளா மட்டும், "நீங்க போயிட்டு வாங்க. உங்களுக்குப் பதிலா பேச்சு வாங்க நான் இங்க இருக்கேன்," என்றாள்.

துக்கத்தில் இருப்பவர் வீட்டை விட்டு வெளியே போகக் கூடாத நாட்களில், ஐந்தாம் நாள், அவர் பம்பாய்க்கு விமானம் ஏறினார்.

ஆறாம் நாள் காலை ஏழு மணிக்கு மேக்கப் போட்டு, ஸ்டேஷன் மாஸ்டர் கோட்டில் உட்கார்ந்தார். கதாநாயகன் வரவில்லை. முதுகு வலி. ஏழாம் நாள் அவனுக்கு விளம்பரப் படம். எட்டாம் நாள் வந்தான், மேக்கப் வேனுக்குள் போனான், மூன்று மணி நேரம் கழித்துக் காரில் போய்விட்டான். நிகம் துக்க முறைப்படி உப்பில்லாத கிச்சடியை டப்பாவில் கொண்டுவந்து சாப்பிட்டார். தரையில் படுத்துத் தூங்கினார். செட்டில் யாரிடமும் அப்பா விஷயத்தைச் சொல்லவில்லை. சொன்னால் பரிதாபப்பட்டுத் தேதியைத் தள்ளிப்போடுவார்கள்.

ஒன்பதாம் நாள் மாலை நாலு மணி. தன்வி வந்து தலையைச் சொறிந்தாள். "நிகம்ஜி, அவர் இன்னைக்கும் வரலையாம். அடுத்த வாரம் வெச்சுக்கலாமா?"

நிகம் எழுந்து நேராக இயக்குநரிடம் போனார். முப்பத்தொரு வருடத்தில் எந்த இயக்குநரிடமும் அவராகப் போய் எதுவும் கேட்டதில்லை.

"என் குளோஸப்ப இப்பவே எடுங்க சார்."

"எதிர்ல ஹீரோ வேணாமா நிகம்ஜி? யார்கிட்ட பேசுவீங்க?"

"ஹீரோக்களோட குளோஸப்புக்கெல்லாம் நான் கேமராவுக்குப் பக்கத்துல நின்னு வசனம் குடுத்திருக்கேன். என் முறை வர்றப்ப அவங்க கார்ல ஏறிடுவாங்க. லைட் ஸ்டாண்டுல ஒட்டின டேப்பப் பார்த்துதான் பேசிட்டு வந்திருக்கேன். இன்னைக்கும் ஒரு டேப் ஒட்டுங்க. அவர் பக்கத்த அவர் வர்றப்ப எடுத்துக்குங்க."

"மூணு பக்கம் இருக்கே!"

"இருக்கட்டும்."

இயக்குநர் அவரையே பார்த்தார். பிறகு கேமராமேனைக் கூப்பிட்டார்.

லைட் ஸ்டாண்டில், கதாநாயகனின் கண் உயரத்தில், சிவப்பு டேப்பைப் பெருக்கல் குறிபோல ஒட்டினார்கள். நிகம் அதற்கு முன்னால் நின்று பேசினார். பொய் சாட்சி சொல்லாத அப்பாவாக, குரலை உயர்த்தாமல் பேசினார். ஒரு இடத்தில் நிறுத்தினார். வசனம் மறந்துவிட்டதோ என்று தன்வி காகிதத்தை எடுத்தாள். மறக்கவில்லை. அடுத்த வரியைச் சொன்னார். ஒரே டேக். கட் சொன்ன பிறகும் லைட்டைப் பிடித்திருந்த ஆள் அதை இறக்கவில்லை.

அன்றே லக்னோ விமானம், அங்கிருந்து டாக்ஸி. பத்தாம் நாள் காலை அவர் கங்கைக் கரைக்கு வந்தபோது, பங்காளிகள் மொட்டைத் தலையோடு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அவதேஷ் முகத்தைத் திருப்பிக்கொண்டான். நிகம் நாவிதர் முன்னால் உட்கார்ந்தார். நாவிதர் தலையை நனைத்துக் கத்தியை எடுத்தார்.

"ஒரு நிமிஷம்," என்ற நிகம் போனை எடுத்தார்.

"தன்வி, நேத்து எடுத்தத முழுசா பார்த்துட்டாங்களா? காப்பி ஆயிடுச்சா?"

"ஒண்ணு ஆயிடுச்சு நிகம்ஜி, இன்னொரு காப்பி ஓடிட்டு இருக்கு. ஏன்?"

"முடிஞ்சதும் சொல்லு. லைன்லயே இருக்கேன்."

தலையிலிருந்து தண்ணீர் சட்டைக்குள் இறங்கியது. பண்டிதர் வானத்தைப் பார்த்து நேரத்தைக் கணக்கிட்டார். நாவிதர் கத்தியைத் தூக்கிப் பிடித்தபடியே இருந்தார். ஹரிநாராயணுக்குப் பொறுக்கவில்லை. "என்ன பிரஜ், மொட்ட அடிக்க பம்பாய்லேர்ந்து அனுமதி வரணுமா?"

"ஆமா மாமா," என்றார் நிகம். "வந்துடும்."

யாரோ பின்னால் சிரித்தார்கள். அவதேஷ் திரும்பி, சிரித்தவனை முறைத்தான். பிறகு அண்ணனுக்குப் பக்கத்தில் வந்து குந்தி உட்கார்ந்தான்.

ஆறேழு நிமிடம் போயிருக்கும். போனில் தன்வியின் குரல்: "ரெண்டு காப்பியும் ஓகே, நிகம்ஜி. சார் பார்த்துட்டாரு. ஒரு ஃப்ரேம்கூடக் குறைக்க மாட்டாராம்."

நிகம் போனைத் தம்பியிடம் கொடுத்துவிட்டுக் கழுத்தைத் தாழ்த்தினார்.

"மீசையும்தானே?" என்று நாவிதர் கேட்டார்.

"முதல்ல அதையே எடுங்க."