பெயர் போடாத பதில்

"அடியில நூல் கொத்துக் கொத்தாச் சிக்குதாம்" என்று கைப்பேசியைப் பார்த்துச் சத்தமாகப் படித்துவிட்டு, நன்றாக ஓடிக்கொண்டிருந்த தன் தையல் மெஷினை அக்கா கெடுக்க ஆரம்பித்தார். நூல் கோக்கும்போது தூக்கியிருக்க வேண்டிய, துணியை அழுத்தும் பாதத்தை இறக்கிவிட்டு மேல் நூலைக் கோத்தார். வெட்டுத் துணி ஒன்றில் நாலு அங்குலம் தைத்தார். துணியைத் திருப்பினால் அடியில் நூல் பந்தாகச் சுருண்டு கிடந்தது. "இதான், இதேதான்!" முகத்தில் அப்படியொரு சந்தோஷம்.

பழுது பார்ப்பவர் பழுதாக்குவதை அன்றுதான் பார்த்தேன். என்னுடைய மெஷின் ஓரத்தில் குடல் வேறு உடல் வேறாகக் கிடந்தது. அதற்கு இன்னும் முறை வரவில்லை.

இந்த மெக்கானிக் அக்காவின் கடை மூன்றாவது மாடியில், பின்பக்கப் படிக்கட்டு வழி. தெருவில் நின்று கழுத்து வலிக்க அண்ணாந்தாலும் தெரியாது. அதனால்தான் தையல்காரர்கள் கூடும் ஒரு கேள்வி பதில் தளத்தில் இரண்டு வருடமாக எழுதி வருகிறார். கேட்டவரின் கோளாறைத் தன் மெஷினில் வரவழைத்துப் பார்க்காமல் ஒரு வரி எழுத மாட்டார். "குத்துமதிப்பாச் சொன்னா, ஸ்க்ரூவைத் திருகித் திருகியே மெஷினைக் கொன்னுடுவாங்க." எல்லாப் பதிலும் 'முதல்ல பயப்படாதீங்க' என்று தொடங்கும், கடைப் பெயரோடும் போன் நம்பரோடும் முடியும். அந்தக் கடைசி வரியைப் பார்த்துத்தான் ஆட்கள் மெஷினைத் தூக்கிக்கொண்டு மூச்சு வாங்க மாடி ஏறினார்கள்.

அதற்கு வேட்டு வைத்தவர் அவருடைய வீட்டுக்காரர். மனைவியின் தொழிலை ஒரே நாளில் தூக்கி நிறுத்துகிறேன் என்று அக்காவின் போனை எடுத்து, "நம்ம ஊர்ல நல்ல மெக்கானிக் யாரு?" என்று தளத்தில் கேட்டிருக்கிறார். அவசரத்தில் தன் கணக்குக்கு மாற மறந்து, "இந்த அக்காதான். தங்கமான கை!" என்று பதிலையும் அதிலேயே போட்டுவிட்டார். அக்கா தானே கேட்டுத் தன்னையே புகழ்ந்துகொண்டதாகத் தளமே சிரித்தது.

"நல்லது பண்றேன்னு வந்து என் மானத்தை வாங்கிட்டாரு மனுஷன்."

தளத்தை நடத்துகிறவர்கள் எல்லாப் பதிலிலிருந்தும் கடைப் பெயரை அழித்துவிட்டார்கள். இனி எந்த மூலையிலாவது அது தென்பட்டால் கணக்கையே மூடிவிடுவார்களாம். மூன்று வாரமாகப் படி ஏறியது நானும் தண்ணீர் கேன் போடுகிறவரும் மட்டும்தான். இப்படியே போனால் மாதக் கடைசியில் அறையைக் காலி செய்ய வேண்டியதுதான் என்றார் அக்கா.

"அப்புறம் எதுக்குக்கா இன்னும் எழுதறீங்க? யாரு வரப்போறா?"

"நாளைக்குள்ள இருபது யூனிஃபார்ம் தைச்சுக் குடுக்கணுமாம். அழுகையா வருதுன்னு எழுதியிருக்கு அந்தப் பொண்ணு. பாத்துட்டுச் சும்மா இருக்கச் சொல்றீங்களா?"

பிழைக்கத் தெரியாதவர் என்று எனக்கு எரிச்சலாகக்கூட இருந்தது.

சிக்கிய நூலைப் படம் எடுக்கப் போனைத் தூக்கினார். மெஷினுக்குப் பின்னால், சரியாகப் படத்தில் விழும்படி, கடைப் பெயர் எழுதிய புதுப் பலகை சாய்ந்திருந்தது. "எங்க வீட்டுக்காரர் வேலைதான். எழுத்துலதான போடக்கூடாது, படத்துல தெரிஞ்சா யாரு கவனிக்கப் போறாங்கறாரு" என்றார். எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது.

அக்கா போனைக் கீழே வைத்தார். பலகையை இரண்டு கையாலும் தூக்கி, பெயர் சுவரைப் பார்க்கும்படி திருப்பி வைத்துவிட்டு, மறுபடி போனை எடுத்தார்.