பூஜையில் வைத்த கோல்ஃப் குச்சிகள்

பொறுத்தார் பூமி ஆள்வார் என்பார்கள். எனக்குப் பூமியெல்லாம் வேண்டாம். எங்கள் மேனேஜர் ஒரே ஒரு நாள் எல்லார் முன்னாலும் கை பிசைந்து நிற்க வேண்டும், அவ்வளவுதான். அதற்காக ஒரு வருஷம் பொறுத்தேன்.

காக்களூரில் எங்கள் கம்பெனி காருக்கான சின்னச் சின்ன இரும்புப் பாகங்களை பிரஸ் மிஷினில் அடித்துக் கொடுக்கிறது. அவற்றின் அளவு பார்க்கிற கேஜ்களைத் துடைத்து, எண்ணெய் தடவிப் பெட்டியில் வைப்பது என் வேலை.

போன வருஷ ஆயுத பூஜைக்கு மணவாள நகரில் சாமந்தி வாங்கி, பெரிய பிரஸ்ஸுக்கு என் கையாலேயே மாலை கட்டியிருந்தேன். ஆயுத பூஜையன்று லீவு என்பதால் முதல் நாளே பூஜை போட்டுவிடுவோம். பூஜை போட்ட மிஷினை விஜயதசமியன்று மறு பூஜை போடும்வரைக்கும் யாரும் தொட மாட்டோம். முதலாளி வீட்டில் அந்த வருஷம் யாரும் ஊரில் இல்லை. சூடம்கூட அணையவில்லை, மேனேஜர் வந்து மிஷினை ஓட்டச் சொன்னார். தயங்கினோம்.

"இரும்புக்கு இன்னாம்மா பூஜை? லாரி நிக்குது."

சொல்லிக்கொண்டே மாலையை ஒரே இழுப்பாக இழுத்து என் கையில் திணித்தார். "இத வெளிய போட்டுட்டு வா."

அத்தனை பேர் பார்க்க, குப்பைத் தொட்டிவரை நடந்தேன். அழவில்லை. உள்ளுக்குள் எரிந்தது. வீட்டுக்குப் போய்ச் சோறு பிசையும்போதும் எரிந்தது.

அதற்குப் பிறகுதான் அவருக்கு கோல்ஃப் பைத்தியம் பிடித்தது. கும்மிடிப்பூண்டியில் எங்களுக்கு ஆர்டர் கொடுக்கிற கம்பெனியின் பெரிய அதிகாரி ஆடுவாராம், அதனால் இவரும் பழகினார். ஈரக் குச்சியை அப்படியே பைக்குள் திணித்து, துருவேற விட்டு, என் மேஜையில் கொண்டுவந்து சாய்ப்பார். "கேஜ் தொடைக்கிற கைதானே, இதையும் தொடச்சி வையி." மாட்டேன் என்று சொல்ல வாய் வரைக்கும் வரும். வேலை போனால் என்ன செய்வது என்று விழுங்கிவிடுவேன். போனில் வீடியோ பார்த்து, எப்படித் துடைப்பது என்று கற்றுக்கொண்டேன்.

இந்த வருஷம் பூஜை அன்று காலையில் பையோடு வந்தார். மறுநாள் ஆயுத பூஜை லீவில் சென்னையில் அந்த அதிகாரியோடு மேட்சாம். எப்படியோ கெஞ்சி வாங்கிய வாய்ப்பு.

"கண்ணாடி மாதிரி இருக்கணும். நான் கும்மிடிப்பூண்டி போய்ட்டு சாயங்காலம் வந்து எடுத்துக்கறேன்."

"தொடச்சிட்டு எங்க வைக்கட்டும் சார்?"

"எங்கயாவது வையேம்மா."

அவர் வாயாலேயே சொன்னார். நான் என்ன செய்ய?

துடைப்பதில் ஒரு குறை வைக்கவில்லை. பழி வாங்குகிறவள் வேலையில் கோட்டை விடக் கூடாது. வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் பழைய பல் பிரஷ்ஷை நனைத்து, இரும்புத் தலைகளின் வரிப்பள்ளங்களில் இறுகிக் கிடந்த மண்ணை எடுத்தேன். தலையும் தண்டும் சேருகிற இடத்தில் தண்ணீர் நிற்காமல் ஒற்றினேன். பெரிய தலை வைத்த குச்சியை வாளியில் முக்காமல் ஈரத்துணியால் மட்டும் துடைத்தேன். கைப்பிடிகளை நிழலில் உலர்த்தினேன். அத்தனையும் பளபளவென்று ஆனதும் தூக்கிப்போய் பிரஸ்ஸுக்கு முன்னால், ஸ்பேனர்களுக்கும் சுத்தியலுக்கும் நடுவில் அடுக்கினேன். பெரிய குச்சிக்கு ஒரு சாமந்தி மாலையும் போட்டேன்.

முதலாளியம்மா சந்தனக் கிண்ணத்தோடு வந்தார். "இது இன்னாது, புதுசா கீது?"

"மேனேஜர் சாரோட ஆயுதம்மா."

"பரவாயில்லையே, பக்தி வந்துட்ச்சா அவருக்கு!" ஒவ்வொரு தலைக்கும் தன் கையாலேயே சந்தனமும் குங்குமமும் வைத்தார்.

சூடம் காட்டி, வாசலில் பூசணிக்காய் உடைத்துவிட்டு உள்ளே வரும்போது மேனேஜர் வந்து சேர்ந்தார். பார்த்தார். முகம் செத்துப்போனது. நேரே போய் மாலையில் கை வைத்தார்.

"இன்னா சார், பூஜைல வெச்சத தொடறீங்க?" என்றார் முதலாளியம்மா. "நாளன்னிக்கு மறு பூஜ போட்டுத்தான் எடுக்கணும்."

"மேடம், நாளைக்கு மேட்ச்..."

இதற்காகத்தான் ஒரு வருஷம் காத்திருந்தேன். ரொம்பப் பணிவாகச் சொன்னேன்: "எடுத்துக்கோங்க சார். போன வருஷம் நீங்கதானே சொன்னீங்க, இரும்புக்கு இன்னா பூஜைன்னு. மாலையக்கூட இழுத்துப் போட்டுட்டு மிஷின ஓட்டச் சொன்னீங்களே."

முதலாளியம்மா அவர் பக்கம் திரும்பினார். "அப்டியா சொன்னீங்க?"

மாலையிலிருந்து கை இறங்கியது. பிரஸ் ஆட்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரோ தட்டை நீட்ட, சூடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மறுநாள் இரவல் குச்சியோடு போனதாகக் கேள்வி. எப்படி ஆடினார் என்று நான் விசாரிக்கவில்லை. நல்லபடியாக ஆடியிருந்தால் எனக்கு வயிறு எரியும்.

விஜயதசமி காலையில் மறு பூஜை முடிந்தது. மேனேஜர் பையோடு வந்து நின்றார். முதலாளியம்மா பக்கத்திலேயே பொரி கொடுத்துக்கொண்டிருந்தார். பெரிய குச்சியிலிருந்த மாலையை நான் இழுக்கவில்லை, மெதுவாகக் கழற்றினேன். வாடியிருந்தது. அவர் கையில் வைத்தேன்.

"இத வெளிய போட்டுட்டு வாங்க சார். அதுக்குள்ள சந்தனத்த தொடச்சி வெக்கறேன்."

என்னைப் பார்த்தார். முதலாளியம்மாவைப் பார்த்தார். பிறகு, குப்பைத் தொட்டி எந்தப் பக்கம் என்று கேட்டார்.